பொட்டி கட்டப் போறியா, நைனா?

நான் பொறந்தது மெட்ராஸ் மாகாணத்துல. பலகையில 'அ' போடக் கத்துக்கினு இருந்தப்ப, 1953 அக்டோபர் ஒண்ணாந்தேதி, எங்க ஊரு ஆந்திரா ஸ்டேட்டுக்குப் போயிடுச்சு. மூணு வருஷத்துல அது ஆந்திரப் பிரதேசம் ஆச்சு. 2014-ல அதுவும் ரெண்டாப் பிரிஞ்சுது. 2022 ஏப்ரல்ல திருப்பதியைத் தனி மாவட்டம் ஆக்கினாங்க. அங்க கட்டிக் குடுத்த என் பெரிய பொண்ணு ஒரே ராத்திரியில வேற மாவட்டத்துக்காரி ஆயிட்டா. இத்தனை எல்லை தாண்டினதுக்கும் நான் ஒரு மஞ்சப்பைகூடக் கட்டல. அதனால வெளிதேசம் போறவங்களுக்குப் புத்தி சொல்ல என்னைவிட லாயக்கான கெழவன் இந்தக் குடிபாலா மண்டலத்துலயே கெடையாது.

இன்னொரு லாயக்கும் இருக்குது. சித்தூர் வெல்ல மண்டியில முப்பத்திரெண்டு வருஷம் தராசு பிடிச்சவன் நான். வேலையை விட்டு வரும்போது மொதலாளிகிட்ட பழைய கொக்கித் தராசு ஒண்ணைக் கேட்டு வாங்கியாந்தேன். வாசல் வேப்பமரத்துக் கிளையில அது தொங்குது. மொதல்ல ஊரு ஜனங்க புளி எடை போட வந்தாங்க. அப்புறம் ஆட்டுக்குட்டி. இப்ப சூட்கேசு. ஊட்டுக்கு ஒரு ஆளு அமெரிக்காவுலயோ குவைத்துலயோ சிங்கப்பூர்லயோ இருக்கறதால, மாடு மேய்ச்சலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பொட்டி, திரும்பி வர்றதுக்குள்ள ஒரு பொட்டி தொங்காத நாளு இல்ல. எடை கூடிப்போச்சுன்னா பொட்டியத் தெறந்து திண்ணையில கொட்டறாங்க. எடுத்து வெளியே வெச்ச சாமான் அங்கேயே இருக்குது. அதைப் பத்திக் கடைசியில சொல்றேன்.

போன ஆடி மாசம் எந்தம்பி பேரன் வந்தான். டெக்சாஸுக்கு எம்.எஸ். படிக்கப் போறானாம். ரெண்டு பொட்டி, ஒவ்வொண்ணும் 23 கிலோ, கையில ஒரு 7 கிலோ பை. டிக்கெட்டுல அப்படித்தான் போட்டிருந்துது. மொதப் பொட்டியைக் கொக்கியில மாட்டினேன். கிளை ஒரு தடவை முனகிச்சு. முள்ளு 34-ல போய் நின்னுச்சு.

"தாத்தா, உன் தராசு பழசு"ன்னான்.

"ஆமாண்டா பேராண்டி, தராசு பழசு. உன் பொட்டிதான் புதுசு. அதனாலதான் வெறும் பொட்டியே அஞ்சு கிலோ இருக்குது."

மண்டியில நாங்க மொதல்ல வெறும் சாக்கை எடை போட்டுக் கழிச்சுட்டுத்தான் வெல்லத்துக்குக் கணக்குப் பார்ப்போம். விமானக்காரன் சாக்கு கழிக்க மாட்டான் நைனா. இரும்பு மாதிரி இருக்கணும்னு நீ பார்த்துப் பார்த்து வாங்கின பொட்டி, உன் சாமான்ல அஞ்சுல ஒரு பங்கைத் தின்னுடுது. லேசான பொட்டியா வாங்கு. சக்கரம் ஒடஞ்சா ஒடையட்டும். கை கால் ஒடஞ்சவனுக்கே புத்தூர் போனா கட்டு கட்டறாங்க, உன் பொட்டிக்கு ஒரு கட்டு கட்ட மாட்டாங்களா? அதுக்காக 23-க்கு மேல காசு கட்டிக்கலாம்னு 34-ஐத் தூக்கினு போனா, காசு குடுத்தாலும் நடக்காது. ஒரே பொட்டியில 32 கிலோவுக்கு மேல இருந்தா ஏத்த மாட்டாங்க. தூக்கறவன் முதுகுக்குன்னு வெச்ச கணக்கு அது. மண்டியில எங்க முதுகுக்கு அப்படி ஒரு கணக்கு வெச்சிருந்தா நானும் இப்ப நிமிர்ந்து நடப்பேன்.

சரி, தெறடான்னேன். தெறந்தான்.

அஞ்சு லிட்டர் குக்கர் ஒண்ணு. எந்தம்பி பொண்டாட்டி கெட்டிக்காரி; குக்கர் வயித்துக்குள்ளயும் துவரம்பருப்பை ரொப்பி வெச்சிருந்தா. பொன்னி அரிசி அஞ்சு கிலோ. கொப்பரை நாலு மூடி. ஈரத்துணியில சுத்தின கறிவேப்பிலை ஒரு கட்டு. ராகி மாவு, வேர்க்கடலை, தட்டை, முறுக்கு, பருப்புப்பொடி, வெல்லம். பின்னு கழட்டாத சட்டை பதினாலு. எல்லாத்துக்கும் அடியில, தினத்தந்தி பேப்பர்ல மடிச்சு, வட்டமா ரெண்டு. மோந்து பார்த்தேன். வறட்டி!

"இது இன்னாத்துக்குடா?"

"ஆயா வெச்சுது. அங்க ஊடு வாங்கினா ஓமத்துக்கு வேணுமாம்."

இன்னும் காலேஜு வாசப்படி மிதிக்கல, அதுக்குள்ள கிரகப்பிரவேசம். படிக்கப் போறவன் பொட்டியில ஒரு பேனா இல்ல.

நான் என்னிக்கும் யாரையும் தடுக்கறது இல்ல. "எல்லாத்தையும் எடுத்துக்கினு போ கண்ணு. அம்மிக்கல்லு மட்டும் இன்னா பாவம் செஞ்சுது? அதையும் வெச்சுக்கோ. கொழவிய கைப்பையில வெச்சுக்கலாம்"னேன். அவன் மூஞ்சி சுண்டிப்போச்சு. அப்புறந்தான் ஒவ்வொண்ணா எடுத்து வெச்சு நியாயம் சொன்னேன்.

வறட்டிக்கு மொதல்ல. 2021-ல வாஷிங்டன் பக்கத்து விமான நிலையத்துல, இந்தியாவுல இருந்து போன விமானத்துல வந்த ஒரு பொட்டி கேப்பாரில்லாமக் கெடந்துது. தெறந்து பார்த்தா ரெண்டு வறட்டி. அமெரிக்கா சுங்க இலாகா அதுக்குன்னே ஒரு அறிக்கை போட்டு ஊருக்கெல்லாம் சொல்லிடுச்சு. நம்ம மாட்டுக்கு வர்ற கோமாரி, சாணத்தோட ஏறி அவங்க மாட்டுக்குப் போயிடும்னு பயம். ரெண்டையும் அழிச்சுட்டாங்க. நம்ம ஊட்டுச் செவுத்துல தட்டினது அமெரிக்க அரசாங்கத்து அறிக்கையில ஏறுறது பெருமைதான். ஆனா அந்தப் பெருமை எந்தம்பி பொண்டாட்டிக்கு வேணாம்.

அரிசிக்கு வேற கதை. கப்ரான்னு ஒரு வண்டு. நம்ம நாட்டுப் பக்கத்து வண்டுதான், பேரும் நம்ம நாட்டுப் பேருதான். தானிய மூட்டையில புகுந்தா மாவாக்கிட்டுத்தான் வெளியே வரும். சோறு தண்ணி இல்லாம வருஷக்கணக்குல சந்துல படுத்துக் கெடக்கும், மருந்துக்கும் சாவாது. அந்த வண்டு இருக்கற நாட்டுல இருந்து பயணிங்க அரிசி எடுத்துக்கினு வரக்கூடாதுன்னு அமெரிக்காவுல சட்டம். கடையில பொன்னி கெடைக்குதுடா அங்க, கப்பல்ல முறையாப் போனது. நீ எதுக்கு மூட்டை சொமக்கற?

கறிவேப்பிலைக்கு இந்தப் பக்கத்துச் சாத்துக்குடித் தோட்டக்காரனக் கேட்டாச் சொல்வான். எலுமிச்சை, ஆரஞ்சு மரத்தையெல்லாம் மஞ்சளாக்கிக் கொல்ற நோய் ஒண்ணு இருக்குது. அதைப் பரப்பற பூச்சிக்குக் கறிவேப்பிலைச் செடின்னா மாமியார் ஊடு. ஃபுளோரிடாவுல 2005-ல அந்த நோயைக் கண்டுபிடிச்சாங்க. அதுல இருந்து அங்க ஆரஞ்சுத் தோட்டம் தேஞ்சுக்கினே வருது. பச்சைக் கறிவேப்பிலையைப் பார்த்தா அமெரிக்கா சுங்கக்காரன் பாம்பைப் பார்த்த மாதிரி குதிக்கிறதுல தப்பு இல்ல.

கொப்பரை அமெரிக்கா வரைக்கும்கூடப் போகாது. மீனம்பாக்கத்துலயே எடுத்து வெளியே வெச்சுடுவாங்க. எண்ணெய் ஊறின பண்டம், மூட்டைக்குள்ள சூடேறித் தானாப் பத்திக்கும்னு அதை ஆபத்தான சரக்குப் பட்டியல்ல வெச்சிருக்காங்க. சபரிமலை போற சாமிங்களுக்கு மட்டும் 2024-ல, இருமுடித் தேங்காயைக் கையில எடுத்துக்கினு ஏறலாம்னு கொஞ்ச நாளைக்கு விலக்கு குடுத்தாங்க. டெக்சாஸுல ஐயப்பன் கூப்பிட்டிருந்தா சொல்லு, பார்க்கலாம்.

இதையெல்லாம் ஒளிச்சு வைக்கிறது எப்படின்னு யாரும் என்கிட்ட கேக்காதீங்க. ஈர வெல்லத்தை உள்ள வெச்சுக் காஞ்ச வெல்லத்தை மேல அடுக்கினவனையெல்லாம் கையால தொட்டே பிடிச்சவன் நான். அங்க கையே வேணாம், நாய் வெச்சிருக்காங்க. எனக்கு நேர்ல தெரியும்.

சின்னப் பொண்ணு பிரசவத்துக்குன்னு நானும் கெழவியும் நியூஜெர்சி போனோம், ஆறு மாசம். மாசமா இருக்கறவ மாம்பழம் கேட்டா. அப்பன் மனசு கேக்குமா? நல்ல பங்கனபள்ளியா ரெண்டு பார்த்துக் கைப்பையில வெச்சேன். ஒண்ணை ஆகாசத்துல தின்னுட்டோம். இன்னொண்ணு இருக்குதுங்கறதையே மறந்துட்டேன். எறங்கி வரிசையில நிக்கிறேன், தொங்கு காதோட குட்டையா ஒரு நாய், சட்டை போட்டுக்கினு நடந்து வந்துது. என் பையை ஒரு தரம் மோந்துது. குலைக்கல, கடிக்கல. எதுக்கால அப்படியே உக்காந்துக்கிச்சு, பந்தியில எலை போட்டதும் உக்கார்ற மாதிரி. கூட வந்த அதிகாரிப் பொண்ணு பையைத் தெறக்கச் சொன்னா. பழத்தை எடுத்தா. "சித்தூர் பழம்மா, தேனா இருக்கும், தின்னு பாரு"ன்னேன். தமிழ்லதான். அவ அதைக் குப்பையில போட்டதும் கெழவி அழுத அழுகை, என் மாமியாருக்குக்கூட அழுதது இல்ல.

அப்புறந்தான் மாப்பிள்ளை வெவரம் சொன்னான். இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்குள்ள 2007-ல இருந்துதான் போகுதாம், அதுவும் கதிர்வீச்சு காட்டி, பூச்சி செத்துப்போச்சுன்னு சீட்டு வாங்கினப்புறம். நம்ம சித்தூர் கிளிமூக்கு மாங்காய்க்கு அந்தத் தொல்லையே இல்ல. ஃபேக்டரியில கூழாகி, பீப்பாயில அடைஞ்சு, வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல்ல போய்க்கினே இருக்குது. மாங்காய்க்குத் தெரியுது, எப்படிப் போகணும்னு.

அதனால அமெரிக்கா சுங்கக்காரன் "தின்பண்டம் இருக்குதா"ன்னு கேட்டா, ஆமாம்னு சொல்லிடு. சொல்லிட்டா ஆகாததை மட்டும் எடுத்துக்குவான், மிச்சத்தோட வெளியே வந்துடலாம். இல்லன்னு சொல்லி மாட்டினா தண்டம் கட்டணும், அதுவும் டாலர்ல. காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு எதுக்கால நிக்கறதா நெனச்சுக்கோ. அங்க பொய்ச்சத்தியம் பண்ணா இன்னா ஆகும்னு இந்த ஜில்லாவுல பொறந்தவனுக்கு நான் சொல்லித் தரணுமா?

இப்ப ஊறுகா. இதுல நான் சொல்றதைக் காதைத் தீட்டிக்கினு கேளுங்க, ஏன்னா இதுக்கு நான் ஒரு வேட்டியை விலையாக் குடுத்திருக்கேன்.

புதுசாப் போட்ட ஆவக்காய் மூணு வாரத்துக்கு உசுரோட இருக்கும். உள்ள நொதிச்சு மூச்சு விட்டுக்கினே இருக்கும். அதைக் கண்ணாடிச் சீசாவுல வாய் வரைக்கும் ரொப்பி, இறுக்கி மூடி, மேல ஏத்தினா அது சும்மா இருக்குமா? பழைய ஊறுகாயா எடு. மேல நிக்கிற எண்ணெயைக் கொஞ்சம் வடிச்சுடு. சீசா வேணாம், கெட்டி பிளாஸ்டிக் டப்பா. வாயில ரெண்டு விரல் எடம் விடு. மூடிக்கு அடியில பாலிதீன் காகிதம் ஒண்ணு வெச்சு இறுக்கு. மூடியைச் சுத்தி டேப்பு. அப்புறம் ஒரு கவரு, அதுக்கு மேல இன்னொரு கவரு, ஒவ்வொண்ணுக்கும் தனி முடிச்சு. கடைசியா நகரித் தறியில நெய்த பழைய லுங்கி ஒண்ணுல புள்ளையச் சுத்தற மாதிரி சுத்து. பொட்டி ஓரத்துல வெக்காதே, நட்டநடுவுல வை, சுத்திலும் துணி இருக்கணும். கைப்பையில மட்டும் மறந்தும் வெக்காதே. 2006-ல லண்டன்ல சில பேரு கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல வெடிமருந்து ஊத்திக்கினு விமானம் ஏறப் பார்த்தாங்கன்னு பிடிச்சதுல இருந்து, 100 மில்லிக்கு மேல எதுவும் தண்ணியா கைப்பையில போக முடியாது. ஊறுகா தண்ணியா கெட்டியான்னு அங்க நின்னு பட்டிமன்றம் நடத்தாதே. நெய்யும் அப்படித்தான். பொடியும் அமெரிக்கா போற விமானத்துல 350 மில்லி அளவுக்கு மேல இருந்தா கைப்பையில தகராறு. எல்லாத்தையும் பெரிய பொட்டியில தள்ளு.

இவ்ளோ தெரிஞ்ச நான் இப்படியெல்லாம் கட்டித்தான் மூணு டப்பா வெச்சேன். அந்த மூணும் பத்திரமாப் போய்ச் சேர்ந்துது. எனக்குத் தெரியாம கெழவி நாலாவதா ஒண்ணு வெச்சா, காபிப்பொடி சீசாவுல, என் புது எட்டு முழ வேட்டிக்கு நடுவுல. நியூஜெர்சியில பொட்டியைத் தெறந்தா வேட்டி காவி. எத்தனை தோச்சும் போகல. வேற வழியில்லாம அதையே கட்டிக்கினு சாயங்காலம் வாக்கிங் போனேன். எதுக்கால வந்த கிருஷ்ணா ஜில்லாக்காரர் ஒருத்தர் என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டிட்டு, "சுவாமி, ஏ ஆசிரமம்?"னு கேட்டுக் கால்ல விழுந்துட்டார். நான் இன்னா செய்ய? ஆசீர்வாதம் பண்ணேன். அடுத்த வாரம் ஊட்டுக்கே வந்து ஒரு தட்டுப் பழம் வெச்சுட்டுப் போனார். மாம்பழமும் இருந்துது அதுல. மெக்சிகோ மாம்பழம். நம்ம கிளிமூக்குக்குக் கால்தூசி.

லட்டு சங்கதிக்கு வர்றேன். திருப்பதிக்குப் பக்கத்துல பொறந்ததுக்கு நாம கட்டற வரி அது. வெளிதேசம் போறேன்னு வாயைத் தெறந்தாப் போதும், அங்க இருக்கறவங்க பேரு ஊரு ஒவ்வொண்ணா வந்து ஆளுக்கு நாலு லட்டு கேப்பாங்க. ஒரு சின்ன லட்டு சுமாரா 175 கிராம். இருபது லட்டு எடுத்தா மூணரை கிலோ போச்சு, கணக்குப் பண்ணிக்கோ. 2009-ல புவிசார் குறியீடு வாங்கின லட்டு, வேற யாரும் அந்தப் பேர்ல பண்ணி விக்க முடியாது. அதனால மவுசு ஜாஸ்தி. ஒரு வாரம் பத்து நாளு தாங்கும், ஈரம் படாம எடுத்துக்கினு போனா. ஐரோப்பா போறவன் மட்டும் ரெண்டு தரம் யோசி. பாலும் கறியும் பயணிங்க கையில கொண்டுவரக் கூடாதுன்னு அங்க சட்டம். லட்டுல இருக்கற நெய் பால் வகையா இல்லையான்னு அந்த ஊரு அதிகாரிகிட்ட வாதாடி நீ ஜெயிச்சுட்டு வந்தா, ஒனக்கு நான் ஒரு வடை மாலை போடறேன்.

சாமி படம், சாமி துண்டு, சாமி டாலர்னு அரைப் பொட்டி சாமியாவே கட்டறவங்களும் இருக்காங்க. நைனா, உனக்கு முன்னாடி அவரு போயிட்டாரு. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்னு ஒரு ஊரு, அங்க மலை மேட்டுல 1970-கள்லயே கோயில் கட்டிக் குடியேறிட்டாரு, திருமலை தேவஸ்தானம் ஒத்தாசையோட. ஆனாலும் நம்ம பசங்களுக்குப் புத்தி பாரு. ஏழுமலையான் கூப்பிடு தூரத்துல நிக்கறாரு, இவனுங்க விசா வேணும்னு ஹைதராபாத் பக்கம் சில்க்கூர் பாலாஜிகிட்ட ஓடறானுங்க. அங்க பதினொரு சுத்து சுத்தினா விசாவாம், கெடச்சப்புறம் நூத்தியெட்டு சுத்தாம். உண்டியல் வேற கெடையாதாம். குபேரன்கிட்ட வாங்கின கடனுக்கு இன்னிக்கும் வட்டி கட்டிக்கினு இருக்கறவரு நம்மாளு. எஜுகேஷன் லோன் போட்டுப் போறவன் கஷ்டம் அவருக்குத்தானே தெரியும்?

எந்தம்பி பேரன் விசா வந்தா மொட்டை போடறதா திருமலைக்கு வேண்டிக்கினான். வந்துது. பொறப்படறதுக்கு நாலு நாளு முன்னாடி போய் மழமழன்னு எறக்கிக்கினு வந்தான். பாஸ்போர்ட் போட்டோவுல பார்த்தா சினிமா நடிகன் மாதிரி சுருட்டை முடி. "போட்டோவுல இருக்கறவன் வரல, நீ மட்டும் வந்திருக்கியே"ன்னு கேக்கப் போறாங்கடான்னேன். கேக்கல. மீனம்பாக்கத்துல உக்காந்திருந்தவர் தலையையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துட்டு "திருப்பதியா?"ன்னு மட்டும் கேட்டு முத்திரை குத்திட்டாராம். டெக்சாஸுல எறங்கினப்பதான் விரல் ரேகை, போட்டோன்னு அரைமணி நேரம் பார்த்தாங்களாம். வேண்டுதலை ஒரு மாசம் முன்னாடியே தீர்த்துடுங்க, மொளைச்சுடும். இதுல வேடிக்கை இன்னான்னா, அவன் முடி அவனுக்கு அப்புறமாப் பொறப்பட்டாலும் பொட்டி, விசா எந்தத் தொல்லையும் இல்லாம வெளிதேசம் போயிடும். தேவஸ்தானம் ஏலம் விடற முடி சவுரியாகி ஒலகமெல்லாம் சுத்துது. 2004-ல யூத குருமாருங்க "இது கோயில் முடி, ஆகாது"ன்னு சொல்லிட, நியூயார்க்குல அவங்க பொண்ணுங்க சவுரியத் தெருவுல போட்டுக் கொளுத்தினாங்க. எந்தப் பாட்டி முடியோ, பாவம்.

கைப்பையைப் பத்தி யாரும் என்னைக் கேக்கறதே இல்ல. அதுல லேப்டாப்பு, முறுக்கு, ஒரு தலகாணி. அவ்ளோதான் அவங்க எண்ணம். பெரிய பொட்டி உன்னோடயே வரும்னு எழுதியா குடுத்திருக்கான்? நீ ஒரு தேசத்துல எறங்கும்போது அது இன்னொரு தேசத்துல ஊரைச் சுத்திக்கினு இருக்கும். ஒரு செட்டு துணி, ஒரு வாரத்து மாத்திரை, டாக்டர் எழுதின சீட்டு, காலேஜு கடுதாசி, பாஸ்போர்ட்டு நகல் ரெண்டு, இதெல்லாம் உன் கையில இருக்கணும். மாத்திரை அட்டையப் பிரிச்சு டப்பாவுல கொட்டாதே; பேரு தெரியலன்னா அது இன்னா மருந்துன்னு நீ நிரூபிக்கணும். பவர் பேங்க்கு கைப்பையிலதான், பெரிய பொட்டியில போகவே போகாது. பொண்ணுங்க கழுத்துல நல்ல நகை போட்டுக்கினு போறதா இருந்தா, பொறப்படற எடத்துல சுங்கக்காரர்கிட்ட காட்டி ஒரு சர்டிபிகேட்டு வாங்கிக்கோங்க. இல்லன்னா திரும்பி வரும்போது, உங்கம்மா போட்ட சங்கிலியையே வெளிதேசத்துல வாங்கினதான்னு கேப்பாங்க. இந்திய ரூபா 25,000-க்கு மேல கையில எடுத்துக்கினு போகக் கூடாது, அந்தக் கவலை நம்மள்ல பாதிப் பேருக்கு இல்ல. கம்பளிச் சட்டையை இங்க சித்தூர் வெயில்ல வாங்காதே. விக்கிறவனும் குளிரைப் பார்த்தது இல்ல, வாங்கறவனும் பார்த்தது இல்ல.

நம்ம பழைய ஜில்லாவுல இருந்து சீமைக்குப் போனவங்கள்ல பேரு பெத்தவரு மதனப்பள்ளியில பொறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. அன்னிபெசன்ட் அம்மா அவரையும் தம்பியையும் லண்டனுக்குக் கூட்டிக்கினு போனது 1911-ல. சித்தூர்னு ஒரு ஜில்லா உண்டானதும் அதே 1911 ஏப்ரல்லதான். ஜில்லாவுக்கு எல்லைக்கல்லு நட்ட ஈரம் காயல, அதுக்குள்ள ஒரு பையன் கப்பல் ஏறிட்டான். குக்கர் அப்ப கெடையாது, தப்பிச்சாரு.

இத்தனையும் அமெரிக்காக்காரன் கதை. அதே ஆடி மாசத்துல, அதே வாரத்துல, கடைசி ஊட்டுப் பொண்ணு குவைத்துக்கு ஊட்டு வேலைக்குப் பொறப்பட்டா. இந்த ராயலசீமைப் பக்கமிருந்து, கடப்பை, ராஜம்பேட்டை, நம்ம ஜில்லான்னு எத்தனையோ ஜனங்க அப்படிப் போறாங்க. பத்தாவது தாண்டாதவங்க பாஸ்போர்ட்டுல ஈ.சி.ஆர்.னு வரும், அந்தப் பாஸ்போர்ட்டுல பொம்பளைங்க ஊட்டு வேலைக்குப் போகணும்னா முப்பது வயசு ஆகியிருக்கணும், அரசாங்கத்துகிட்ட பதிஞ்சு முறையாப் போகணும். அவளுக்கு முப்பத்தி நாலு. பொட்டியைக் கொண்டாந்தா, ஜிப்புக்குப் பதிலா ஊக்கு குத்தின பை. கொக்கியில மாட்டினேன். ஒன்பதரை கிலோ. எனக்குத் தராசு மேல சந்தேகம் வந்துடுச்சு, எறக்கித் திரும்ப மாட்டினேன். ஒன்பதரைதான்.

"உன் டிக்கெட்டுக்கு இன்னும் இருபது கிலோ எடம் இருக்குதே கண்ணு"ன்னேன்.

"வரும்போது ரொப்பிக்கினு வர்றேன் மாமா"ன்னா.

அவ போறது தெரிஞ்சதும் அந்த இருபது கிலோவுக்கு ஊரே வந்துடுச்சு. மேல் ஊட்டுக்காரி தன் தங்கச்சிக்குன்னு மசாலா சாமான் ஒரு பொட்டலம். அடுத்த மண்டலத்துல இருந்து ஒருத்தன், யாருக்கும் முன்னப்பின்னத் தெரியாதவன், "அங்க என் சிநேகிதன் ஏர்போர்ட்டுல வந்து வாங்கிக்குவான்"னு தைச்சு மூடின ஒரு பொட்டலம். மேல் ஊட்டுக்காரியோடதைப் பிரிச்சேன். கசகசா. நமக்கு அது குருமாவுக்குப் போடறது. துபாய், சவூதி பக்கம் அது அபின் செடியோட வெதை, போதைச் சரக்கு, ஜெயிலு. வலி மாத்திரை, இருமல் மருந்துலகூட அங்க அனுமதி இல்லாத வகை இருக்குது. வெத்தலை போயிலையும் வேணாம். சிங்கப்பூர் போறவங்களுக்கும் சொல்லிடறேன்: வாயில மெல்ற போயிலை அங்க கூடாது, சூயிங்கம்மே 1992-ல இருந்து தடை.

தைச்சு மூடின பொட்டலத்தை நான் பிரிக்கல. "பிரிச்சுக் காட்டிட்டுக் குடு தம்பி"ன்னேன். "இன்னா பெரியவரே, சந்தேகமா?"ன்னான். "சந்தேகம் இல்ல தம்பி, நான் மண்டிக்காரன். சாக்கைப் பிரிக்காம எடை போட்ட பழக்கம் இல்ல." எடுத்துக்கினு போயிட்டான், திரும்ப வரல. உள்ள இன்னா இருந்துதுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. ஊறுகாயாவே இருந்திருக்கட்டும். ஆனா அடுத்தவன் குடுத்ததை உள்ள இன்னான்னு பார்க்காம வாங்கிக்கினு போய், வளைகுடா ஜெயில்ல வருஷக்கணக்கா உக்காந்தவங்க இருக்காங்க. பொட்டி மேல யாரு பேரு ஒட்டியிருக்குதோ அவங்களுக்குத்தான் அங்க விலங்கு. எனக்குத் தெரியாதுன்னு அழுதா, எந்த பாஷையில அழுவே? இந்த ஒரு சங்கதியில மட்டும் நான் நையாண்டி பண்ணல. சொந்தத் தங்கச்சியே குடுத்தாலும் பிரிச்சுப் பாரு. கோவிச்சுக்கினா அடுத்த தீவாளிக்குச் சரியாயிடும்.

அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வேலை சொன்னேன். பாஸ்போர்ட்டு, விசா, வேலை ஒப்பந்தம் எல்லாத்தையும் நகல் எடுத்து ஒரு செட்டு ஊட்டுல, ஒரு செட்டு பையில, போட்டோ எடுத்து போன்ல ஒண்ணு. இந்தியத் தூதரகத்து நம்பரை ஒரு காகிதத்துல எழுதி ரவிக்கைக்குள்ள வெக்கற பர்சுல வெச்சுக்கச் சொன்னேன். போனைப் பிடுங்கிக்கினாலும் காகிதம் இருக்கும். இத்தனையும் சேர்த்து எடை போட்டோம். முள்ளு நகரல.

இப்ப அந்தத் திண்ணைச் சாமானுக்கு வர்றேன். எந்தம்பி பேரன் எறக்கினது அஞ்சு கிலோ பொன்னி, நாலு மூடி கொப்பரை, ரெண்டு கிலோ முறுக்கு. அதுக்கு முந்தின வாரம் சிங்கப்பூர் போனவன் விட்டுட்டுப் போனது ஒரு டின் நல்லெண்ணெய். மேல் ஊட்டுக்காரி கசகசாவைத் திரும்பக் கேக்கவே இல்ல. கெழவி போன ஞாயித்துக்கிழமை குருமா வெச்சா, அருமையா இருந்துது. மூணு வருஷமா எங்க ஊட்டுல முறுக்கு சுட்டதே இல்ல.

தராசு வேப்பமரத்துலயேதான் தொங்குது. பொட்டியத் தூக்கிக்கினு என்னிக்கு வேணாலும் வாங்க, எடை போடக் காசு கெடையாது. எறக்கி வெச்ச சாமானை மட்டும் திரும்பக் கேக்காதீங்க.